வெறுமையாகத் திரும்பி வந்த ஓலைப்பெட்டி

"…ஒன்றுகூட மிச்சம் விடவில்லை, கடைசி உருண்டைக்கு நானும் என் கணவரும் சண்டையே பிடித்தோம் என்றால் பாருங்கள், அந்த ருசியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை" என்று தலைவி சொன்னாள். இங்கிலீசில்தான் சொன்னாள். தொண்ணூறு தாண்டிய குரல், ஆனால் உச்சரிப்பில் ஒரு நூல் பிசகவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அது. எலிசபெத் பேயில் நான் இருக்கிற கட்டடத்தின் கீழ்மாடிக் கூட்ட அறை. மேசைக்கு இந்தப் பக்கம் கட்டடத்தின் சபையினர் நாங்கள் ஐந்து பேர், நடுக் கதிரையில் நான். அந்தப் பக்கம் சில்லுக் கதிரையில் அவள். அவளுக்குப் பின்னால், பகலில் வந்து அவளைப் பராமரிக்கிற பிள்ளை. எங்கள் ஊர்ப் பெண். மேசை நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு நிறையச் சீனி அரியதர உருண்டை. பிள்ளை சுட்டது, தலைவி கொண்டு வந்தது.

விஷயம் இவ்வளவுதான். தலைவியால் இனி இரவில் தனியாக இருக்க முடியாது. இரண்டு முறை குளியலறையில் விழுந்துவிட்டாள். அந்தப் பிள்ளை அவளோடு நிரந்தரமாகத் தங்க வேண்டும், அதற்குச் சபை சம்மதிக்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் அவள் வீட்டை விட்டுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். மற்ற நால்வரில் இருவர் ஓம் என்று கையுயர்த்திவிட்டார்கள். இருவர் இல்லை என்றார்கள். மிச்சம் என் கை. அந்த நேரம் பார்த்துத்தான் அவள் என் அம்மாவின் அரியதரத்தின் ருசியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

அவள் அப்படியே இருக்கட்டும். முகத்தில் சிரிப்பும் மடியில் கைக்குட்டையுமாகக் கொஞ்சம் காத்திருக்கட்டும். அதற்குள் என் வயதுக்காரர்களான உங்களிடம் நான் பழசொன்று கதைக்க வேண்டும். மூன்று படி ஏறினால் முழங்கால் கதைக்கத் தொடங்குகிற நமக்குத்தான் இது விளங்கும். இளசுகளிடம் சொன்னால் "லெட் இட் கோ, அன்ரி" என்பார்கள். என் மகள் சொல்லியும்விட்டாள். விடுவதற்கு நான் என்ன அதைக் கையிலா வைத்திருக்கிறேன்?

தலைவி என்கிறேனே தவிர, இப்போது அவள் இந்தச் சபைக்குத் தலைவி இல்லை. அந்தக் கதிரையில் நான் இருக்கிறேன். ஆனாலும் பன்னிரண்டு வயதில் வாயில் வந்த பேர் மாறவில்லை. மரியாதையாகச் "சொன்னார், செய்தார்" என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கவும் கை வரவில்லை.

*

இதே கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா நகரத்து ஆஸ்பத்திரியில் டொக்டர். இரண்டாவது மாடியில் ஒரு விதவைக் கிழவியின் வீடு எங்களுக்குக் கிடைத்திருந்தது. உலக யுத்தத்துக்கு முன்னம் கட்டிய ஐந்து மாடி. செங்கல் முகப்பு மூலையில் மடங்காமல் வளைந்து திரும்பும், யன்னல் கண்ணாடியும் அதோடு சேர்ந்து வளையும். நான் அந்தக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றால் வளைகுடாவில் நிற்கிற பாய்க்கப்பல்கள் எல்லாம் கொஞ்சம் கூனிப்போய்த் தெரியும். வாசல் மண்டபத்தில் கறுப்பும் பச்சையுமான கல் பதித்திருந்தது. லிஃப்டுக்கு இழுத்து மடிக்கிற பித்தளைக் கதவு. அதை இழுத்துச் சாத்துவதற்கு ஒரு கைப்பக்குவம் வேண்டும். அப்பா அதை ஒரே இழுவையில் சாத்திவிட்டு, சத்திரசிகிச்சை முடித்தவர் போல் ஒரு பார்வை பார்ப்பார்.

வீட்டுக்குள் மெழுகு பூசிய மரத்தரை. சொக்ஸோடு ஓடினால் குசினி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகலாம். குசினிச் சுவருக்குள் ஒரு சின்ன அலுமாரி இருந்தது, அதற்கு உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு. பால்காரர் வெளிப்பக்கமாகப் போத்தலை வைப்பார், நாங்கள் உள்பக்கமாக எடுப்போம். அவர் முகத்தை நான் கண்டதில்லை. விரல்களை மட்டும் கண்டிருக்கிறேன். நடைபாதையில் டெலிபோன் வைப்பதற்கென்று சுவரைக் குடைந்து வளைவாக ஒரு மாடம். அம்மா வந்த அன்றே அதைப் பார்த்துவிட்டு, "கட்டினவனுக்குத் தெரியாது, இது பிள்ளையாருக்குக் கட்டினது" என்று சொன்னார். ஆனாலும் வாடகை வீடு என்பதால் டெலிபோனைத்தான் வைத்தார். பிள்ளையார் அலுமாரிக்குள் உடுப்புகளோடு இருந்தார்.

பின்படிக்கட்டு என்று ஒன்றும் இருந்தது. வேலைக்காரர்கள் ஏறி இறங்கக் கட்டியது. அதன் ஒவ்வொரு தட்டிலும் சுவரில் ஓர் இரும்பு மூடி. திறந்தால் குப்பைக் குழாய். மேலிருந்து கீழே நிலவறை வரைக்கும் எல்லாக் குசினிச் சுவர்களுக்குள்ளாலும் அது போகும். மேல்மாடியில் யாராவது எதையாவது கொட்டினால் எங்கள் குசினிச் சுவருக்குள் அது உருண்டு போகிற சத்தம் கேட்கும். அம்மா சத்தத்தை வைத்தே சொல்வார்: "இது முட்டைக்கோது." "இது போத்தல், உடைஞ்சிட்டுது." அதுதான் எங்களுக்கு மேல்வீட்டாரோடு இருந்த உறவு.

அந்த வருஷம், எண்பத்து மூன்று, கலவரத்தில் கொழும்பில் சித்தப்பாவின் வீட்டை எரித்துவிட்டார்கள். மார்கழியில், நத்தார் விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் சித்தப்பாவும் சித்தியும் இரண்டு சின்னப் பையன்களும் வந்து சேர்ந்தார்கள். கையில் இரண்டு பைகள், சித்தியிடம் ஓர் ஓலைப்பெட்டி. மூடி போட்ட பனையோலைப் பெட்டி, ஓரத்தில் சிவப்புச் சாயக் கோடு. வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடுவதற்குக் கையில் அகப்பட்டது அதுதானாம். உள்ளே ஒன்றும் இல்லை. "நகைப்பெட்டி எண்டு நினைச்சுத் தூக்கினனான்" என்று சித்தி சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குப் பல் கூசுகிறது.

ஏழு பேரானோம். இங்கே மார்கழியும் தையும்தான் கோடை. எனக்கு அதைப்போலச் சந்தோஷமான கோடை பிறகு வரவில்லை. வரவேற்பறையில் வரிசையாகப் பாய். காலையில் புட்டும் வாழைப்பழமும். அப்பா ஆஸ்பத்திரியால் வந்ததும் தம்பியோடு வளைந்த யன்னலடியில் இருந்து ஊர்க்கதை கதைப்பார். இரண்டு பேரும் ஒரே மாதிரித் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். பையன்கள்தான் ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். கதவு மணி அடித்தால் போதும், பின்கதவால் படியில் இறங்கி ஓடிவிடுவார்கள். நான் அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

*

தை மாதம் வீட்டுக்காரக் கிழவி மெல்பனில் இருக்கிற மகளிடம் போக முடிவெடுத்தார். வீட்டை விற்பதென்றால் முதலில் டொக்டருக்குத்தான் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அன்றைக்கு லிஃப்டில் ஏறாமல் படியில் ஓடி வந்தார்.

இங்கே ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். இந்தக் கட்டடத்தில் வீடு வாங்குவது மற்ற இடங்களில் வாங்குவது போல இல்லை. முழுக் கட்டடமும் ஒரு கொம்பனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கொம்பனியில் பங்கு. பங்குக்குரிய வீட்டில் நீங்கள் இருக்கலாம். ஆனால் பங்கு உங்கள் கைக்கு வர, ஏற்கெனவே இருக்கிறவர்களின் சபை உங்களைப் பார்த்து, இவர் எங்களோடு இருக்கலாம் என்று சம்மதிக்க வேண்டும். காசு இருந்தால் மட்டும் போதாது. அதற்காகத் தலைவி தன் வீட்டுக்குத் தேநீருக்குக் கூப்பிடுவாள்.

அப்பாவுக்கு இது நன்றாக விளங்கியது. அவருக்கு விளங்கிய விதம்தான் பிழை. அவர் அதைச் சம்பந்தம் பேசப் போகிற மாதிரி எடுத்துக்கொண்டார். சம்மதம் கேட்கப் போகிற இடத்துக்குத் தனியாகப் போனால், ஆளுக்குச் சொந்தபந்தம் இல்லையோ, இருக்கிறவர்களோடும் கோபமோ என்று நினைப்பார்கள் அல்லவா? "எல்லாரும் வாங்கோ, அவை எங்களைப் பாக்கட்டும்" என்றார். அம்மா இரண்டு நாள் குசினியில் நின்றார். அரிசிமாவும் சீனியும் பதம் பார்த்துக் குழைத்து எண்ணெயில் போட்டெடுக்கிற சீனி அரியதரம். மேலே கறுத்து மொறுமொறுக்க, உள்ளே ஈரமாக இருக்க வேண்டும். சரியாக வராததை எல்லாம் எங்களுக்குத் தந்துவிட்டு, திறமானதைச் சித்தியின் ஓலைப்பெட்டிக்குள் அடுக்கினார்.

ஏழு பேரும் ஐந்தாம் மாடிக்கு ஏறினோம். அம்மாவும் சித்தியும் காஞ்சிபுரம். அப்பாவும் சித்தப்பாவும் கோட். சித்தப்பாவின் கோட் அப்பாவினது, கை நீளம். தலைவி கதவைத் திறந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பது இருக்கும். கழுத்தில் இரட்டை வரி முத்துமாலை, கிறீம் நிறச் சப்பாத்து. எங்களைப் பார்த்தாள், எங்களுக்குப் பின்னால் பார்த்தாள், இன்னும் யாராவது வருகிறார்களா என்று லிஃப்டைப் பார்த்தாள். உள்ளே எங்களுக்கென்று இரண்டே இரண்டு கதிரை போட்டிருந்தது.

அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். மற்றவர்கள் நின்றோம். தலைவியின் கணவர் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார், சபையினர் இன்னும் மூவர் இருந்தார்கள். மெல்லிய சாண்ட்விச் தட்டு வந்தது. அப்பா வேண்டாம் என்றார். அம்மா வேண்டாம் என்றார். ஏழு பேரும் வேண்டாம் என்றோம். முதல் தரம் கேட்டவுடன் எடுக்கக் கூடாது என்றுதானே நாம் வளர்ந்தோம். இரண்டாந்தரம் கேட்பார்கள், அப்போது ஒன்று எடுக்கலாம். இரண்டாந்தரம் ஒருவரும் கேட்கவில்லை. தட்டு போய்விட்டது. சின்னப் பையனின் கண் தட்டோடு குசினி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

தலைவி அப்பாவிடம் வீட்டில் எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். இந்தக் கேள்விக்காகவே அப்பா வந்திருந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இப்போது ஏழு என்றார். அடுத்த வருஷம் தமக்கை குடும்பம் வரும், அதற்குப் பிறகு மைத்துனர் வருவார், கடவுள் புண்ணியத்தில் இந்த வீடு ஒருநாளும் வெறுமையாக இருக்காது என்றார். சுவர்களும் நல்ல தடிப்பு, நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் உங்களுக்குக் கேட்காது என்று ஒரு பகிடியும் விட்டார். நாங்கள் சிரித்தோம். தலைவியும் சிரித்தாள். அம்மா பெட்டியை எழுந்து கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள். எவ்வளவு அழகான கூடை என்றாள்.

கீழே வந்ததும் அப்பா கோட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பிடிச்சிட்டுது. மூஞ்சையைப் பாக்கத் தெரியுது."

*

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அம்மா வெங்காயக் கோதை ஒரு சட்டியில் போட்டுத் தந்து, குழாயில் கொட்டிவிட்டு வரச் சொன்னார். எங்கள் தட்டில் மூடி இறுகிப்போய்த் திறக்காது, மூன்றாம் மாடியிலும் அப்படித்தான். அதனால் நான் பின்படியில் மேலே ஏறினேன். நாலாம் மாடிக்குப் போகிற வளைவில் மேலே பேச்சுக் குரல் கேட்டது, நின்றேன். படிக் கம்பிகளுக்கிடையால் முதலில் தெரிந்தது கிறீம் நிறச் சப்பாத்து. பிறகு முத்துமாலை. பிறகு சிவப்புக் கோடு போட்ட ஓலைப்பெட்டி.

தலைவி இரும்பு மூடியைத் திறந்து, பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். அம்மாவின் அரியதரம் குழாய்க்குள் போனது. எனக்குப் பக்கத்துச் சுவருக்குள்ளால் உருண்டது, எனக்குக் கீழே போனது, இரண்டாம் மாடியில் எங்கள் குசினியைத் தாண்டியது. கீழே திறந்திருந்த எங்கள் பின்கதவால் அம்மாவின் குரல் கேட்டது. சித்தியிடம் சொல்கிறார்: "மேல ஏதோ கொட்டுகினம். கல்லுப்போல கிடக்கு."

தலைவி குசினி வாசலில் நின்ற கணவரிடம், "ஏழு பேர், இன்னும் வரப் போகிறார்கள். அதை அவர் பெருமையாகச் சொன்னதைக் கவனித்தீர்களா?" என்றாள். பிறகு, ஈரத்துணி ஒன்று கேட்டாள். துடைத்து அனுப்ப வேண்டுமாம். நாங்கள் அவளைப் பண்பில்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாதாம்.

மறுநாள் காலை கட்டடக் காவலாளி பெட்டியைக் கொண்டு வந்து தந்தார். அம்மா மூடியைத் திறந்தார். ஒரு துகள்கூட இல்லை. அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பாத்தியளே, ஒண்டும் மிச்சமில்லை. துடைச்சும் அனுப்பியிருக்கிறா" என்று வீடு முழுக்கக் காட்டினார். டெலிபோனைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, மாடத்தைக் கழுவி, பிள்ளையாரை அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து வைத்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தக் கிழமை முடிய முன் அப்பாவும் நானும் வாசல் மண்டபத்தில் லிஃப்டுக்கு நின்றபோது தலைவி நாயோடு வந்தாள். சபையால் சம்மதிக்க முடியவில்லை என்றாள். அப்பா, பெரிய மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு காரணம் என்ன என்று கேட்டார். அவள் அவருடைய கையை மெதுவாகத் தொட்டாள்.

"நாங்கள் காரணம் சொல்வதில்லை, டொக்டர். அதுதான் மனதுக்கு இதம்."

அதே நாள் மண்டபத்துக் கண்ணாடிப் பலகைக்குள் ஒரு புது விதி தொங்கியது. சபை ஏற்றுக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரும் எந்த வீட்டிலும் இரண்டு கிழமைக்கு மேல், அதாவது பதினாலு நாளுக்கு மேல், தங்கக் கூடாது. கீழே தலைவியின் வட்டமான கையெழுத்து.

காரணம் சொல்லாவிட்டால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தாங்களே ஒரு காரணம் தேடுவார்கள், பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் தேடுவார்கள். அப்பா அன்றைக்கு வீட்டுக்குள் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"உன்ர பெடியள் ரெண்டும் அந்தப் படியில ஓடாமல் இருந்திருந்தா எனக்கு இந்த வீடு கிடைச்சிருக்கும்."

சித்தப்பா சத்தம் போடாமல் சொன்னார்: "அண்ணை, அவங்கள் மணிச்சத்தத்துக்கு ஏன் ஓடுறாங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும்."

நான் நடுவில் புகுந்து, அது இல்லை அப்பா, ஏழு பேர் என்று நீங்கள் சொன்னதைத்தான் அவள் சொன்னாள், நான் கேட்டேன் என்று சொல்லப் போனேன். "பெரியாக்கள் கதைக்கேக்கை வாயைப் பொத்திக்கொண்டு இரு" என்றார் அப்பா. பொத்தினேன். மறுநாள் சித்தப்பா குடும்பம் இரண்டு பைகளோடு மேற்குப் புறநகரில் டூங்கபிக்குப் போய்விட்டது. பெட்டியைச் சித்தி எங்களிடமே விட்டுவிட்டார், அதற்குப் பிறகு அதை எடுக்க வரவில்லை. மாசி மாதம் நாங்களும் கிரவீனுக்குப் போனோம். இரண்டு வீட்டுக்கும் இடையில் காரில் பத்து நிமிஷம் இருக்காது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒரே மேசையில் சாப்பிடவில்லை. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனால் ஒருவர் உள்ளே சுற்றும்வரை மற்றவர் கார் பார்க்கில் நிற்பார். சித்தப்பாவின் செத்த வீட்டுக்கு அப்பா போனார். போய்ச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். வேறு ஒன்றும் செய்யவில்லை.

இதையெல்லாம்கூட நான் எங்கோ ஒரு மூலையில் வைத்துக் கட்டிவிட்டிருப்பேன். என்னால் கட்ட முடியாதது அம்மாவின் கதை. கிரவீனில் ஒவ்வொரு தீபாவளிக்கும் அரியதரம் சுடுவார். சுட்டுவிட்டு, அந்த ஓலைப்பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவார். தட்டும்போது சொல்வார்: "அந்த மனிசி மட்டும் எங்கட பக்கம் நிண்டிருப்பா. மற்றவைதான் விட்டிருக்க மாட்டினம். பெட்டி வெறுமையாத்தானே வந்தது." கடைசி வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சொன்னார். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் அவவைச் சுகம் கேள் என்றார். என் அம்மா அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே செத்தார்.

அப்போதுதான் முடிவெடுத்தேன், அந்தப் பக்கம் போவதென்று.

*

நான் சட்டத்தரணி. வீடு வாங்கி விற்கிற வேலைதான் முப்பது வருஷமாக. இந்தக் கட்டடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தபோது விண்ணப்பித்தேன். சபையில் இருந்தவர்கள் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர்கள். தேநீருக்குப் பதிலாக வைன் தந்தார்கள். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். "ஒருத்தி" என்றேன். தனியாகத்தான் போயிருந்தேன். தட்டு வந்ததும் முதல் தரமே எடுத்தேன். காரியம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு மாறின பேரில் என்னை யாருக்குத் தெரியும்? தலைவி அதே ஐந்தாம் மாடியில், தனியாக, முத்துமாலையோடு. லிஃப்டில் கண்டால் வானிலை கதைப்போம். பித்தளைக் கதவு போய்விட்டது. பால் அலுமாரிகளைப் பூசி மூடிவிட்டார்கள். குப்பைக் குழாயின் மூடிகள் எல்லாம் பெயின்ட் அடித்து ஒட்டிப்போய்விட்டன. என் குசினிச் சுவருக்குப் பின்னால் அது இருக்கிறது. இப்போது ஒரு சத்தமும் இல்லை.

சபைத் தலைமைக்கு ஆள் தேடியபோது கையுயர்த்தினேன். ஒருவருக்கும் அந்த வேலை வேண்டாம், எனக்கு வேண்டும். இரண்டு கிழமை விதியைத் தூக்கிவிட வேண்டும் என்று புதிதாக வந்தவர்கள் இரண்டு முறை கேட்டார்கள். கட்டடத்தின் பாரம்பரியம் என்று சொல்லி நான்தான் காப்பாற்றி வைத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல அந்த விதியை வளர்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்க்கும் என்று தெரியும். எப்போது என்றுதான் தெரியாது.

கூட்டம் தொடங்குமுன் அந்தப் பிள்ளை என்னை நடைபாதையில் பிடித்தாள். பெண்டில் ஹில்லில் இருந்து தினமும் ரெயினில் வருகிறவள். படகில் வந்து, முகாமில் கிடந்து, இப்போதுதான் தலைநிமிர்ந்தவள்.

"அன்ரி, நீங்கள் சின்னனில இஞ்ச இருந்தனீங்கள் எண்டு நான்தான் மனிசிக்குச் சொன்னனான். டூங்கபியில உங்கட சித்தி சொன்னவ. மனிசிக்குச் சந்தோஷம். உடன அரியதரம் சுடச் சொன்னவ."

"அப்பிடியே? அரியதரம் எண்ட பேரும் அவவே சொன்னவவோ?"

"இல்லை அன்ரி, அந்த உருண்டை எண்டு சொன்னவ. நான்தான் விளங்கிக்கொண்டனான்." கொஞ்சம் கிட்ட வந்தாள். "இவ ஹோமுக்குப் போனா எனக்கு வேற ஆள் கிடைக்கும், அது பிரச்சினையில்லை. ஆனா இவ அங்க போனா ஒரு மாசம் இருக்க மாட்டா. அந்த வளைஞ்ச யன்னலுக்குப் பக்கத்தில இருந்தாத்தான் சாப்பிடுவா. பாவம் அன்ரி."

நல்ல பிள்ளை. அவளுடைய முகத்தில் என் அம்மாவின் நம்பிக்கை இருந்தது. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் ஏற்றியது.

*

இனித் தலைவியிடம் திரும்பிப் போகலாம். நிறையக் காத்திருந்துவிட்டாள்.

அந்த ருசியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஓம் என்று கையுயர்த்திய இரண்டு பேரும் நெகிழ்ந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டைப் பார்த்தேன். நல்ல பதம். கறுத்து, மினுங்கி, அம்மா பெட்டிக்கு எடுத்து வைக்கிற ரகம்.

"அன்றைக்கு நான் பின்படிக்கட்டில் நின்றேன்" என்றேன்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. நான் அவசரப்படவில்லை. நாலாம் மாடி வளைவில் நின்றேன், வெங்காயக் கோது கொட்ட வந்தேன், நீங்கள் பெட்டியின் அடியில் இரண்டு தரம் தட்டினீர்கள், அது எங்கள் குசினிச் சுவருக்குள்ளால் உருண்டு போன சத்தத்தை என் அம்மா கேட்டார், பிறகு நீங்கள் ஈரத்துணி கேட்டீர்கள் என்று சொன்னேன். இங்கிலீசில்தான் சொன்னேன். என் உச்சரிப்பிலும் ஒரு நூல் பிசகவில்லை.

சபையில் ஒருவர் பேனாவை மூடினார். பிள்ளை தலைவியின் தோளில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, எடுத்தது பிழையோ என்று மறுபடியும் வைத்தாள்.

"என் வாக்கு, இல்லை" என்றேன். "நாங்கள் காரணம் சொல்வதில்லை. அதுதான் மனதுக்கு இதம்."

தலைவி மறுக்கவில்லை. ஞாபகமில்லை என்று சொல்லவில்லை. அழவும் இல்லை, அழுவாள் என்று நான் நாற்பது வருஷம் எதிர்பார்த்திருந்தேன். கையை நீட்டி, தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஓர் அரியதரத்தை எடுத்தாள். மறக்க முடியாத ருசி என்றவளுக்கு அதை எங்கே கடிப்பது என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பல்லால் கடித்தாள், உடையவில்லை. கடைவாய்க்குத் தள்ளினாள். உள்ளே பதமாக இருந்ததும் கண்புருவம் இரண்டும் மேலே போயின. யாராலும் மறைக்க முடியாத முகம் அது, ஒன்றை முதல் தரம் தின்கிற முகம். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். விரலில் ஒட்டியதைப் பார்த்தாள், அதையும் நக்கினாள்.

பிறகு, ஒருவரும் எடுங்கோ என்று சொல்லாமலே, இரண்டாவதை எடுத்தாள்.